பிஞ்சு நுரையீரலுக்குப் பாடம் சொன்ன சுண்டெலிக்குட்டி

"பெரியம்மா, குழந்தை மூச்சுக்குத் திணறுது. அந்த நர்ஸ் போய் ஆக்ஸிஜனைக் குறைக்கிறாங்களே!"

ஒரகடத்தில் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கும் என் தங்கை மகள் இப்படிச் சொல்லி அழுதபோது எனக்கும் பகீரென்றது. அவளுக்கு 28 வாரத்திலேயே பிரசவம். குழந்தை ஒரு கிலோ கூட இல்லை. நான் நேரே டாக்டரம்மாவிடம் சண்டைக்குப் போய்விட்டேன். அவர் கோபிக்கவில்லை. "உட்காருங்கம்மா, ஒரு எலிக்குட்டிக் கதை சொல்றேன்" என்றார். அவர் சொன்னதையும், பிறகு நான் கேட்டுப் படித்துத் தெரிந்துகொண்டதையும் உங்களுக்கும் சொல்கிறேன், சகோதரிகளே.

நுரையீரலுக்குள் திராட்சைக் கொத்து மாதிரி கோடிக்கணக்கான காற்றறைகள் உண்டு. கர்ப்பத்தின் கடைசி வாரங்களிலும் பிறந்த பிறகும்தான் அவற்றில் பெரும்பாலானவை உருவாகின்றன. குறைமாதக் குழந்தைக்கு அந்த வேலை பாதியில் நிற்கும். அப்போது அளவுக்கு மிஞ்சிய ஆக்ஸிஜனும், மூச்சு மெஷினின் அழுத்தமும் சேர்ந்தால் நுரையீரல் கெட்டு, மாதக்கணக்கில் தொல்லை நீடிக்கும். 1967-இல் அமெரிக்காவில் ஸ்டான்போர்டு டாக்டர் நார்த்வேயும் குழுவினரும் இதைக் கண்டு சொன்னார்கள். 'பிராங்கோ பல்மனரி டிஸ்ப்ளேசியா' என்பது இந்த நோயின் பெயர்.

இதைப் பச்சைக் குழந்தையிடமா சோதித்துப் பார்ப்பது? அங்கேதான் சுண்டெலி வருகிறது. அதற்குக் கர்ப்ப காலம் சுமார் 20 நாள். நிறைமாதமாகப் பிறந்த சுண்டெலிக்குட்டியின் நுரையீரல், நம் குறைமாதக் குழந்தையின் நுரையீரல் இருக்கும் கட்டத்தில்தான் இருக்கிறது! நாம் சுவாசிக்கும் காற்றில் நூற்றுக்கு 21 பங்கு ஆக்ஸிஜன். குட்டிகளை 85 பங்கு ஆக்ஸிஜனில் சில நாள் வைத்தால், காற்றறைகள் சிறிது சிறிதாகப் பிரியாமல், சில பெரிய பைகளாகவே நின்றுவிடுகின்றன. இந்த நோய் வந்த குழந்தைகளுக்கும் இதே கதைதான்.

ஆனால் எலிக்குட்டியை வாரக்கணக்கில் மெஷினில் வைக்க முடியாது. அதற்கு ஆட்டுக்குட்டியும் பபூன் குரங்குக்குட்டியும் தேவைப்பட்டன. தொண்டையில் குழாய் விட்டு மூச்சைத் தள்ளுவதைவிட, மூக்கு வழியாக மெல்லக் காற்றுக் கொடுப்பது நல்லது என்பதை அவை காட்டின.

நியூசிலாந்து டாக்டர் லிகின்ஸ் 1969-இல் இன்னொன்று கண்டார். கருவில் இருக்கும்போதே ஸ்டீராய்டு கொடுத்த குறைமாத ஆட்டுக்குட்டி, பிழைக்காது என்று நினைத்தது, மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது! 1972-இல் அவரும் டாக்டர் ஹோவியும் அந்த ஊசி தாய்மார்களுக்கும் பலன் தருவதாக வெளியிட்டார்கள். நம் நாட்டில் 2014 முதல், 24 வாரத்திலிருந்து 34 வாரத்துக்குள் வலி கண்டால், கிராம நர்ஸே முதல் டெக்ஸாமெதசோன் ஊசி போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம் என்று மத்திய அரசு வழி செய்திருக்கிறது.

வாயில்லா ஜீவன்களைப் படுத்தலாமா என்று என் மனசும் கேட்டது. ஆனால் பெட்டிக்குள் கிடந்த அந்தக் கைப்பிடி உயிரைப் பார்த்தபோது, அந்த ஜீவன்களைக் கும்பிடத்தான் தோன்றியது.

ஆக்ஸிஜன் கூடினாலும் கெடுதல், குறைந்தாலும் ஆபத்து. அளவு டாக்டர் கையில்; நாம் சண்டை போட வேண்டாம். நம் கையில் உள்ளதைச் செய்வோம். நாள் வருமுன் வலியோ நீர்க்கசிவோ கண்டால், "சூட்டு வலி" என்று சோம்பு கஷாயம் காய்ச்சிக்கொண்டிராமல் உடனே கிளம்புங்கள். குறைமாதக் குழந்தை வீடு வந்ததும் தாய்ப்பால் கொடுங்கள். தலைக்கு ஊற்றிச் சாம்பிராணிப் புகை காட்டும் வழக்கம், கொசுவர்த்தி, வீட்டு ஆண்களின் பீடி சிகரெட், மூன்றையும் வாசலோடு நிறுத்துங்கள்.

எங்கள் பேத்திக்கு இப்போது மூன்று வயது. மழைக்காலத்தில் கொஞ்சம் இழுக்கும். மற்றபடி தெருவெல்லாம் அவள் சத்தம்தான்!