சட்டம் படிக்கப் போகும் முன் ஓராண்டு

எஸ்டிபிஎம் முடித்துவிட்டு ஓராண்டு வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். அடுத்த ஆண்டு சட்டம் படிக்கச் சேர வேண்டும். கட்டணத்தில் ஒரு பகுதியையாவது நானே சேர்க்கலாம் என்று வீட்டில் பேசி எடுத்த முடிவு. நாள் நெருங்க நெருங்க, பணத்தைவிட வேறொரு கவலைதான் பெரிதாகிறது. நான் இதற்குத் தயாரா?

எங்கள் குடும்பத்தில் வழக்கறிஞர் யாரும் இல்லை. பாதையோ நீளமானது. உள்நாட்டு அரசுப் பல்கலைக்கழகம் என்றால் பெரும்பாலும் நான்கு ஆண்டுகள். லண்டன் பல்கலைக்கழகம் போன்ற வெளிநாட்டுப் பட்டம் என்றால், அதற்குப் பிறகு சிஎல்பி தேர்வு எழுத வேண்டும். எந்த வழியில் போனாலும் கடைசியில் ஒன்பது மாத 'சேம்பரிங்' பயிற்சி உண்டு.

தடித்த சட்டப் புத்தகங்களை இப்போதே படிக்க வேண்டுமோ என்று முதலில் தோன்றியது. ஆனால் ஒப்பந்தச் சட்டம், அரசியலமைப்புச் சட்டம் எல்லாம் பல்கலைக்கழகத்தில் அடிப்படையிலிருந்தே தொடங்குகின்றன. அப்படியென்றால் எதற்குத் தயாராவது?

ஒருநாள் விடுப்பு எடுத்து ஜொகூர் பாரு நீதிமன்றத்துக்குப் போனேன். பொதுவாக வழக்கு விசாரணையை யாரும் உட்கார்ந்து பார்க்கலாம். கைப்பேசியை அணைத்துவிட்டு அமைதியாக இருந்தால் போதும். விசாரணை மலாயில் நடந்தது. குற்றம் சாட்டப்பட்ட பெரியவருக்கு ஒன்றும் புரியவில்லை. மொழிபெயர்ப்பாளர் எளிய தமிழில் குற்றச்சாட்டைச் சொல்லி, "ஒத்துக்கிறீங்களா, விசாரணை வேணுமா?" என்று கேட்ட பிறகுதான் அவர் முகம் தெளிந்தது. சட்டம் அந்த ஒரு வாக்கியத்தில்தான் அவரை எட்டியது.

பிறகு நம் ஜொகூர் வழக்கு ஒன்றைப் பற்றித் தேடிப் படித்தேன். லிங்கியூ அணைக்காக ஜக்கூன் பூர்வகுடியினரின் 53,273 ஏக்கர் வாழ்விடம் எடுக்கப்பட்டது. பயிர்களுக்கும் பழமரங்களுக்கும் மட்டுமே இழப்பீடு கொடுக்கப்பட்டது. அடோங் பின் குவாவும் மற்றவர்களுமாக 52 பேர் வழக்குத் தொடுத்தார்கள். பத்திரம் இல்லாவிட்டாலும், தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து பிழைத்த நிலத்தின்மேல் அவர்களுக்கு உரிமை உண்டு என்று 1996இல் ஜொகூர் பாரு உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இழப்பீடு 2 கோடியே 65 லட்சம் ரிங்கிட். 1992இல் ஆஸ்திரேலியாவில் வந்த மாபோ தீர்ப்பும் இதற்குத் துணை நின்றது. அந்த மக்கள் காட்டில் எப்படி வாழ்ந்தார்கள் என்பதை யாரோ பொறுமையாகக் கேட்டு, நீதிபதிக்குப் புரியும்படி எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். வழக்கின் பலம் அங்கிருந்துதான் தொடங்கியது என்று எனக்குப் படுகிறது.

இதையெல்லாம் பார்த்த பிறகு என் ஏற்பாடு எளிதாகிவிட்டது. வாரம் ஒரு தீர்ப்பு படிக்கிறேன். நீதித்துறையின் இணையத்தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. யார் என்ன கேட்டார்கள், நீதிமன்றம் என்ன சொன்னது, ஏன் என்று பத்து வரியில் எழுதுகிறேன். முதலில் ஆங்கிலத்தில், பிறகு மலாயில். கடைசியாக அம்மாவுக்குத் தமிழில் சொல்கிறேன். அம்மா "புரியல" என்றால் மறுபடி படிக்கிறேன்.

பயம் முழுதாகப் போகவில்லை. ஆனால் எதைப் பழக வேண்டும் என்று தெரிந்துவிட்டது. உங்கள் வீட்டிலும் இப்படிக் காத்திருக்கும் பிள்ளை இருந்தால், "சும்மாதானே இருக்கிறாய்" என்று சொல்லாதீர்கள். இன்று என்ன படித்தாய் என்று கேட்டு, சொல்வதைக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து கேளுங்கள்.