ஆங்கிலத்தில் கலந்துரையாடல்

பேசாலையிலோ தலைமன்னாரிலோ பயின்று, உயர்தரப் பரீட்சையில் சித்தியெய்திப் பல்கலைக்கழகம் புகும் மாணவன் ஆங்கில இலக்கணம் அறியாதவன் அல்லன். செயப்பாட்டு வினையைத் தாளிலே பிழையற எழுதிப் புள்ளி பெற்றவனே. ஆயினும் ஆங்கில மூலம் நடைபெறும் வகுப்பிலே, விரிவுரையாளர் ஒரு வினாவை எழுப்பி, "உங்கள் கருத்து யாது?" என்று கேட்டதும் அவன் வாயடைத்துப் போகிறான். 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாகிய வவுனியாவிலே தமிழ் மாணாக்கரும் சிங்கள மாணாக்கரும் அருகருகே அமர்ந்து பயில்கின்றனர். ஆங்கிலத்தை இணைப்பு மொழியென 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் வகுத்தது. அவ்விணைப்பு உண்மையில் நிகழவேண்டிய இடம் இத்தகைய வகுப்பறையே. அங்கு வாய் திறவாதவனைக் கருத்தற்றவன் என்றே பிறர் கொள்வர்.

இதற்குக் காரணம் பெரும்பாலும் பரீட்சையே. சாதாரண தர ஆங்கிலம் நெடுங்காலமாக எழுத்து வினாத்தாள்களாலேயே அளக்கப்பட்டு வந்திருக்கிறது. உயர்தரத்துப் பொது ஆங்கிலமும் எழுத்துத் தேர்வே. அதன் புள்ளி பல்கலைக்கழக அனுமதிக்குரிய இசட் புள்ளியிற் சேர்வதுமில்லை. சோதிக்கப்படாத ஒன்றிற்கு வகுப்பில் நேரம் ஒதுக்குவார் சிலரே. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1913 இல் தொடங்கிய ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சையிலேயே வாய்மொழிச் சோதனை இடம்பெற்றிருந்தது என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

உடன் பயில்வோருடன் உரையாடிக் கற்றல் தமிழர்க்குப் புதிதன்று. ஆசிரியர் கூறுவதைச் செவ்வனே கேட்பவனுக்கும் புலமையிற் காற்பங்கே கிட்டும். உடன் மாணாக்கரோடு பயில்வதால் மற்றொரு கால் கிட்டும். பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரையும் நிறையும் என்பது நன்னூலார் கணக்கு. பட்டிமண்டபத்தை மணிமேகலையும் அறியும். எனினும் இக்காலப் பட்டிமன்றப் பழக்கம் கலந்துரையாடலுக்கு முழுத்துணை ஆகாது. பட்டிமன்றத்தில் அணி முன்னரே முடிவாகிவிடும். பேச்சும் பெரும்பாலும் மனப்பாடம். கலந்துரையாடலிலோ எதிரில் இருப்பவர் சொன்னதைக் கேட்ட பின்னரே அடுத்த சொல் பிறக்கவேண்டும். கேட்டதைத் தன் சொல்லில் திருப்பிக் கூறுதல், சான்று வினவுதல், மனம் நோகாமல் மறுத்தல், தன் கருத்தைத் திருத்திக்கொள்ளுதல் ஆகியவை இலக்கணப் பயிற்சியால் வருவன அல்ல, தனியே கற்பிக்கப்படவேண்டியவை. மறுத்தலே இவற்றுள் மிகக் கடினம். பெரியோர் முன் "இல்லை" என்று கூறத் தயங்கும் பிள்ளை, "நீங்கள் கூறுவது சரியாயிருக்கலாம், ஆயினும்" எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடர் இரண்டு மூன்றைக் கைவசம் வைத்திருந்தால் அத்தயக்கம் பாதி தீரும்.

பேசுபொருள் பிள்ளைகள் அறிந்ததாக இருத்தல் வேண்டும். இலண்டன் மாநகரின் சுரங்க ரயிலைப் பற்றிப் பேசச் சொன்னால் மௌனமே விளையும். மன்னார்த் தீவின் தென்கரையிலே 30 காற்றாலைகள் கொண்ட தம்பபவனி மின்னிலையம் 2020 இல் இயங்கத் தொடங்கியது. மேலும் காற்றாலைகள் அமைக்கலாமா என்னும் வினா வீட்டுத் திண்ணை வரை வந்துவிட்டது. மின்சாரம் வேண்டும் என்பார் ஒருவர். மீன்பாடு குறையுமென அஞ்சுவார் மற்றொருவர். 2010 இல் ராம்சார் பட்டியலிற் சேர்ந்த வங்காலைச் சரணாலயத்தையும், அங்கு வலசை வரும் பறவைகளையும் எடுத்துக்காட்டுவார் வேறொருவர். முதலில் பத்து நிமிடம் தமிழிலேயே பேசவிடுவது நன்று. தமிழே கூடாதெனத் தடுக்கும் வகுப்புகளில் கருத்தும் சேர்ந்தே தடைப்படுகிறது. கருத்து தெளிந்தபின் ஆங்கிலத்திற்குச் சொல் தேடுவது எளிது.

இனி, மதிப்பிடல். ஐரோப்பிய மன்றம் 2001 இல் வெளியிட்ட மொழித் தகைமைச் சட்டகம், தனித்துப் பேசும் திறனையும் பிறரோடு ஊடாடிப் பேசும் திறனையும் வெவ்வேறாகவே வகுத்தது. கேம்பிரிட்ஜ் தேர்வுகள் பலவற்றில் இருவர் சேர்ந்தே வாய்மொழிச் சோதனைக்கு அமர்வர். தேர்வாளரும் இருவர், ஒருவர் உரையாட, மற்றவர் வாளாவிருந்து கேட்டுப் புள்ளியிடுவார். இலக்கணத்திற்கு ஒரு புள்ளி, ஊடாடலுக்கு வேறொரு புள்ளி. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பிலும் இது இயலும். நால்வராக அமர்த்தி எட்டு நிமிடம் பேசவிட்டால், ஒரு பாடவேளையில் நான்கு குழுக்களைக் கேட்கலாம். இரு வாரங்களுள் வகுப்பு முழுவதும் முடியும். அந்நேரத்தில் ஆசிரியர் இடையிட்டுப் பிழை திருத்தலாகாது. இதுவே பலருக்குக் கைவராத நோன்பு.

உரத்துப் பேசுபவனே புள்ளியை அள்ளிச் செல்வான் என்ற அச்சம் நியாயமானது. பேச்சு வராத துணைவர் வாய்த்தால் வல்லவனும் சோர்வான். ஆகவே குழுவை மாற்றி இருமுறை சோதித்தல் வேண்டும். எவ்வளவு பேசினார் என்பதை விட்டு, பிறர் கூற்றை எவ்வாறு எடுத்துக்கொண்டார் என்பதைக் குறிக்கவேண்டும். மூன்று நிமிடம் தடையின்றி முழங்கிய மாணவனைவிட, "பறவைகளின் அந்தக் கணக்கு எந்த ஆண்டினது?" என்று வினைமுற்றிற் பிழையோடேனும் இடையிற் கேட்ட மாணவிக்கே ஊடாடலிற் கூடுதல் புள்ளி உரியது. அவ்வினைமுற்றின் பிழைக்கு இலக்கணப் புள்ளியிற் குறைத்துக்கொள்ளலாம்.