ஆணுறைக்கு அப்பாலும் காப்புகள் உண்டு

வீட்டில் எல்லோரும் படிக்கும் நம் சங்க இதழில் இந்த விஷயம் தேவையா என்று சில அன்பர்கள் நினைக்கலாம். தேவை என்பதே என் எண்ணம். பாலக்காடு, சித்தூர், மூணாறு, குமுளி என்று நாம் வாழும் ஊர்களிலும் ஆண்களை விரும்பும் ஆண்கள் இருக்கிறார்கள். அவர்களும் நம் வீட்டுப் பிள்ளைகளே. வயது வந்தவர்கள் மனமொத்துக் கொள்ளும் தன்பால் உறவு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6-ஆம் தேதி தீர்ப்பளித்துவிட்டது.

1986-இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் நம் நாட்டில் எச்.ஐ.வி. கிருமியை முதன்முதலாகக் கண்டறிந்தபோது, உடலுறவில் ஆணுறை ஒன்றுதான் காப்பு. இன்றும் அது நல்ல காப்புதான். ஆனால் நான் ரயில்வே சிக்னல் பிரிவில் பணி செய்தவன். ஒன்று தவறினால் இன்னொன்று தாங்க வேண்டும் என்பது அங்கே பாலபாடம். இப்போது எச்.ஐ.வி.க்கும் அப்படிப் பல காப்புகள் வந்துள்ளன.

முதலாவது, 'பிரெப்' என்னும் முன்தடுப்பு மாத்திரை. டெனோஃபோவிர், எம்ட்ரிசிடபின் என்ற இரு மருந்துகள் சேர்ந்தது. கிருமி உடலில் புகுந்தாலும் பெருக விடாது. அமெரிக்கா 2012-இல் இதை அனுமதித்தது. தினமும் தவறாமல் சாப்பிட்டால் உடலுறவால் தொற்றும் வாய்ப்பு சுமார் 99 சதவீதம் குறைகிறது. முழுக் காப்பு கிடைக்கச் சுமார் 7 நாள் ஆகும். டாக்டரைக் கேட்காமல் கடையில் வாங்கிச் சாப்பிடக் கூடாது. ஏற்கெனவே கிருமி இருந்தால் இந்த இரு மருந்துகள் போதா. கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறிவிடும். எனவே முதலில் ரத்தப் பரிசோதனை, பின்பு 3 மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை அவசியம். சிறுநீரகத்தையும் பார்ப்பார்கள். மேகப்புண், வெட்டை போன்றவற்றை இது தடுக்காது, அதற்கு ஆணுறைதான். 6 மாதத்துக்கு ஒருமுறை போடும் லெனகாபவிர் ஊசியையும் 2025 ஜூனில் அமெரிக்கா அனுமதித்துள்ளது.

இரண்டாவது, 'பெப்' என்னும் பின்தடுப்பு மருந்து. ஆணுறை கிழிந்துவிட்டது, அல்லது போடவே இல்லை என்று வைத்துக் கொள்வோம். 72 மணி நேரத்துக்குள் மருந்தைத் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. சனிக்கிழமை இரவு நடந்ததற்குச் செவ்வாய் இரவோடு கெடு முடிந்துவிடும். இடுக்கி மாவட்டத்தில் ரயில் கிடையாது. எஸ்டேட்டிலிருந்து மலைப்பாதையில் பஸ் பிடித்துத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். பயத்திலும் வெட்கத்திலும் ஒரு நாள் போனாலும் நஷ்டம்தான்.

மூன்றாவது, கிருமி உள்ளவர் எடுக்கும் சிகிச்சை. கூட்டு மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி அளவு சோதனையில் தெரியாத நிலைக்கு இறங்கி, அப்படியே நீடித்தால், உடலுறவால் அவரிடமிருந்து பிறருக்குத் தொற்றுவதில்லை. ஐரோப்பாவில் 782 ஆண் ஜோடிகளைக் கண்காணித்த ஆய்வில், ஆணுறை இல்லாத உறவிலும் துணையிடமிருந்து ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை. இது 2019-இல் வெளியானது. நம் நாட்டில் இந்த மருந்தை அரசு 2004 முதல் இலவசமாகத் தருகிறது.

இவை எல்லாவற்றுக்கும் முதல் படி பரிசோதனை. கேரள அரசு ஆஸ்பத்திரிகளில் 'ஜ்யோதிஸ்' மையம் என்று கேளுங்கள். எல்லை தாண்டித் தமிழ்நாட்டில் அதுவே 'நம்பிக்கை மையம்'. இரண்டிலும் பரிசோதனை இலவசம். உள்ளூரில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று தயங்குபவர் வெளியூர் மையத்துக்குப் போகலாம். ஒருவருடைய எச்.ஐ.வி. நிலையை அவர் சம்மதமின்றி வெளியிடுவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. விவரம் கேட்க 1097 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண் உண்டு.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. மகன் கலங்கிப்போய் உங்களிடம் வந்து சொன்னால், திட்டுவதற்கு முன் "எப்போது நடந்தது?" என்று கேளுங்கள். 72 மணி நேரம் தாண்டவில்லை என்றால் உடனே அழைத்துக்கொண்டு கிளம்புங்கள். மற்றதைத் திரும்பி வந்து பேசிக்கொள்ளலாம்.