கடல் வெப்ப மின்னாக்கம்

கடல் வெப்ப மின்னாக்கம் என்பது கடலின் மேற்பரப்பு நீருக்கும் ஆழ்கடல் நீருக்கும் இடையே உள்ள வெப்பநிலை வேறுபாட்டைக் கொண்டு மின்சாரம் பெறும் முறையாகும். கதிரொளி, காற்று ஆகியவற்றைப் போலன்றி இவ்வேறுபாடு இரவும் பகலும் நிலைத்திருப்பதால், தடையின்றி மின்சாரம் தரவல்ல புதுப்பிக்கத்தக்க ஆற்றல் மூலமாக இது கருதப்படுகிறது.

செயற்படும் முறை

தமிழகத்தை ஒட்டிய கடலில் மேற்பரப்பு நீர் ஏறத்தாழ 28 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் இருக்கும். ஏறத்தாழ 1,000 மீட்டர் ஆழத்தில் அது 7 பாகை அளவிற்குக் குறைந்துவிடும். மூடிய சுழற்சி முறையில், குறைந்த வெப்பநிலையிலேயே கொதிக்கும் அமோனியா பயன்படுத்தப்படுகிறது. மேற்பரப்பு நீரின் வெப்பத்தால் அமோனியா ஆவியாகிச் சுழலியைச் சுழற்றும். பின்னர் ஆழ்கடல் நீரால் குளிர்ந்து மீண்டும் நீர்மமாகும்.

இந்த வெப்பநிலைகளுக்கு இடையே இயங்கும் எந்த வெப்பப் பொறியும் 7 விழுக்காட்டிற்கு மேல் பயனுறுதிறன் பெற இயலாது. நடைமுறையில் கிடைப்பது 3 விழுக்காட்டளவே. எனவே ஒரு மெகாவாட் மின்சாரத்திற்கு ஒவ்வொரு நொடியும் சில டன் குளிர்நீரை மேலே ஏற்ற வேண்டும். கிடைக்கும் மின்சாரத்தின் ஒரு பகுதி நீரேற்றிகளுக்கே செலவாகிவிடும்.

வரலாறு

இக்கருத்தை 1881இல் பிரெஞ்சு அறிவியலாளர் தார்சோன்வால் முன்வைத்தார். அவருடைய மாணவர் ஜார்ஜ் கிளாட் 1930இல் கியூபாவின் மத்தான்சாசு அருகே 22 கிலோவாட் மின்சாரம் உற்பத்தி செய்து காட்டினார். ஆனால் நிலையம் ஆக்கியதைவிட அதை இயக்கத் தேவைப்பட்ட மின்சாரமே மிகுதியாக இருந்தது. அதன் குழாயும் பின்னர் புயலில் அழிந்தது. செலவு போக மிச்சம் தந்த முதல் மிதக்கும் நிலையம் 1979இல் ஹவாயில் இயங்கியது.

தமிழகக் கடலில்

சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் 1997இல் ஜப்பானின் சாகா பல்கலைக்கழகத்துடன் உடன்படிக்கை செய்துகொண்டு, ஒரு மெகாவாட் திறனுள்ள மிதக்கும் நிலையத்தை வடிவமைத்தது. சாகர் சக்தி என்னும் மிதவைக் கலத்தில் கருவிகள் பொருத்தப்பட்டன. தூத்துக்குடிக்கு அப்பால் ஆழ்கடலில் அதை நிறுவத் திட்டமிடப்பட்டது.

அமோனியாச் சுழற்சியைவிடக் குளிர்நீர்க் குழாயே பெருஞ்சிக்கலாக அமைந்தது. ஏறத்தாழ ஒரு மீட்டர் விட்டமும் ஒரு கிலோமீட்டர் நீளமும் கொண்ட அக்குழாய் பாலிஎத்திலீனால் ஆனது. அது நீரில் மிதக்கக்கூடியதாதலால் எடைகளைக் கட்டியே கீழே இறக்க வேண்டும். இறக்கும்போது அலைகளும் நீரோட்டங்களும் அதை வளைக்கும். 2001 முதல் 2003 வரை மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளில் குழாயை வெற்றிகரமாகப் பொருத்த இயலவில்லை. எனவே நிலையம் மின்சாரம் தரவில்லை.

குடிநீராக்கம்

இதே வெப்பநிலை வேறுபாட்டைக் கொண்டு கடல்நீரைக் குடிநீராக்கவும் முடியும். காற்றழுத்தம் குறைக்கப்பட்ட கலத்தில் மேற்பரப்பு நீரின் ஒரு பகுதி எளிதில் ஆவியாகும். அந்த ஆவியை ஆழ்கடல் நீரால் குளிர்வித்தால் உப்பற்ற நீர் கிடைக்கும். இதற்குச் சற்றுக் குறைந்த வெப்பநிலை வேறுபாடும் போதுமானது.

இக்கழகம் 2005இல் இலட்சத்தீவின் கவரத்தியில் நாளொன்றுக்கு ஒரு இலட்சம் லிட்டர் குடிநீர் தரும் நிலையத்தை அமைத்தது. அங்கு கரையை ஒட்டியே கடல் செங்குத்தாக ஆழமாவதால், ஏறத்தாழ 350 மீட்டர் ஆழத்திலிருந்து குளிர்நீரை எடுக்க முடிந்தது. 2011இல் மினிக்காய், அகத்தி ஆகிய தீவுகளிலும் இத்தகைய நிலையங்கள் தொடங்கப்பட்டன. நிலத்தடி நன்னீர் மிகக் குறைவாகவே உள்ள இத்தீவுகளில் இது மக்களின் அன்றாடத் தேவையாகும்.

எனினும் இந்நிலையங்களின் நீரேற்றிகள் டீசல் மின்சாரத்தையே நம்பியிருந்தன. டீசலோ பெருநிலப்பரப்பிலிருந்து கப்பலில் வர வேண்டும். இக்குறையை நீக்க, குடிநீர் நிலையத்தைக் கடல் வெப்ப மின்சாரத்தாலேயே இயக்கும் 65 கிலோவாட் திட்டத்தைக் கழகம் கவரத்தியில் மேற்கொண்டது. தூத்துக்குடித் திட்டத்தை நோக்க இது பதினைந்தில் ஒரு பங்கே ஆகும். ஆயினும் மின்சாரமும் குடிநீரும் அரிதாக உள்ள தீவுகளில் இம்முறையின் பயன் அளவைக் கடந்தது.