அப்பாவின் ராணுவ டிஸபிலிட்டி பென்ஷன் திடீரென குறைந்ததா? உடனே என்ன செய்ய வேண்டும்?

மாதக் கடைசி. ஊரிலிருந்து அப்பா போன் செய்கிறார். "என்னன்னு தெரியலப்பா, இந்த மாசம் பென்ஷன் கம்மியா வந்திருக்கு. பேங்க்ல கேட்டா ஸ்பர்ஷ்ல பாருங்கன்னு சொல்றாங்க." ராணுவத்தில் இருந்தபோது ஏற்பட்ட காயத்துக்காக இருபது, இருபத்தைந்து வருடமாக வந்துகொண்டிருக்கும் பணம் அது.

உங்கள் வீட்டுக்கும் இப்படி ஒரு போன் வரலாம். "கவர்மென்ட் குறைச்சுட்டாங்க, நாம என்ன பண்ண முடியும்" என்று விட்டுவிடாதீர்கள். நீண்ட காலமாகக் கொடுத்துவந்த டிஸபிலிட்டி பென்ஷனை நினைத்த நேரத்தில் குறைத்துவிட முடியாது. அதற்கு விதிகள் இருக்கின்றன, தீர்ப்புகளும் இருக்கின்றன.

பணம் எப்படி கணக்கிடப்படுகிறது?

இந்த பென்ஷனில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, செய்த பணிக்கானது. இன்னொன்று, உடல் பாதிப்புக்கானது. சிக்கல் வருவது பெரும்பாலும் இரண்டாவதில்தான்.

பாதிப்பு 100 சதவீதம் என்றால், பென்ஷனுக்காகக் கணக்கில் எடுக்கப்படும் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் கிடைக்கும். பாதிப்பு குறையக் குறைய தொகையும் குறையும். சர்வீஸ் முடித்து ஓய்வு பெற்றவர் என்றால், 20 சதவீதத்துக்குக் கீழே போனால் இந்தப் பகுதியே கிடையாது.

இதில் 'பிராட் பேண்டிங்' என்ற ஒரு சலுகை இருக்கிறது. மெடிக்கல் போர்டு 50-க்குக் கீழே போட்டால் 50 என்றும், 50 முதல் 75 வரை போட்டால் 75 என்றும், அதற்கு மேல் போனால் 100 என்றும் எடுத்துக்கொள்வார்கள். உடல்நிலை காரணமாக வெளியே அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டும்தான் இது என்று அரசு சொல்லிவந்தது. சர்வீஸ் முடித்து ஓய்வு பெற்றவர்களுக்கும் உண்டு என்று 2014 டிசம்பரில் ராம் அவ்தார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். கடைசிச் சம்பளம் ரூ.40,000. போர்டு போட்டது 60 சதவீதம். அது 75 ஆகி, மாதம் ரூ.9,000 வருகிறது. அதே பாதிப்பை 40 என்று குறைத்தால் அது 50 ஆகி, ரூ.6,000 ஆகிவிடும். மாதம் ரூ.3,000, வருடத்துக்கு ரூ.36,000 போச்சு. அகவிலை நிவாரணம் தனி. ஆனால் 60-ஐ 55 ஆக்கினால் ஒரு பைசாகூட குறையாது. அதனால், எண் மாறியதா என்பதோடு எந்தப் படியில் விழுகிறது என்பதையும் பாருங்கள்.

திரும்பத் திரும்ப மெடிக்கல் போர்டுக்குக் கூப்பிடுவார்களா?

முன்பு அப்படித்தான். குறிப்பிட்ட வருடங்களுக்கு ஒருமுறை மறு பரிசோதனை நடக்கும். 2001-ல் பாதுகாப்பு அமைச்சகம் இதை மாற்றியது. பாதிப்பு நிரந்தரமானது என்று போர்டு சொல்லிவிட்டால், அந்த சதவீதம் ஆயுள் முழுவதுக்கும் பொருந்தும். நிரந்தரமில்லாத பாதிப்பு என்றால் ஒரே ஒரு மறு பரிசோதனை. அதில் வருவதே இறுதி.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. சம்பந்தப்பட்டவரே கேட்டால் மறு பரிசோதனை நடக்கும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். "வலி அதிகமாயிடுச்சு, சதவீதத்தைக் கூட்டித் தரச் சொல்லலாமே" என்று மனு போட்டால், போர்டு கூட்டியும் சொல்லலாம், குறைத்தும் சொல்லலாம். சமீபத்திய மருத்துவ ரிப்போர்ட்களை ஒரு ஸ்பெஷலிஸ்டிடம் காட்டிக் கேட்ட பிறகே அந்த மனுவைப் போடுங்கள்.

அலுவலகமே சதவீதத்தைக் குறைக்கலாமா?

கூடாது. மெடிக்கல் போர்டு சொன்ன சதவீதத்தை பென்ஷன் கணக்கு அலுவலகம் தானாக மாற்ற முடியாது என்று 1993-ல் சாப்பர் மொஹிந்தர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. உயர்நிலை மெடிக்கல் போர்டு பார்க்காமல், ஃபைலை மட்டும் வைத்து டாக்டர்களின் முடிவைத் திருத்தக் கூடாது.

பென்ஷன் என்பது அரசு போடும் பிச்சை இல்லை என்று 1982-ல் நகாரா வழக்கு சொன்னது. அது அரசியல் சாசனத்தின் 300ஏ பிரிவின் கீழ் வரும் சொத்து என்று 2013-ல் இன்னொரு தீர்ப்பு சொன்னது. சட்டப்படியான காரணம் இல்லாமல் அதைப் பறிக்க முடியாது. குறைப்பதற்கு முன் நோட்டீஸ் வந்ததா, பதில் சொல்ல வாய்ப்பு கொடுத்தார்களா என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

'அதிகமாகக் கொடுத்துவிட்டோம், திருப்பிக் கொடு' என்றால்?

2014-ல் ரஃபீக் மசீஹ் தீர்ப்பு இதற்கு வரம்பு வைத்தது. ஓய்வு பெற்றவர்களிடமிருந்தும், ஐந்து வருடத்துக்கு மேல் தவறாகக் கொடுத்துவந்த தொகையையும் பொதுவாக வசூலிக்கக் கூடாது. ஆனால் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். உண்மையை மறைத்து வாங்கியிருந்தாலோ, கூடுதலாக வந்தால் திருப்பித் தருகிறேன் என்று எழுதிக் கொடுத்திருந்தாலோ முடிவு மாறலாம். பழைய பணத்தைப் பிடிக்கக் கூடாது என்பதால், உண்மையான கணக்குப் பிழையை இனிமேல் திருத்தவே கூடாது என்று அர்த்தமில்லை.

2023-ல் வந்த புதிய விதிகள் அப்பாவைப் பாதிக்குமா?

2023 செப்டம்பர் 21 முதல் புதிய தகுதி விதிகள் நடைமுறைக்கு வந்தன. பாதிப்போடு ஓய்வு பெறுபவர்களுக்கு 'இம்பேர்மென்ட் ரிலீஃப்' என்ற புதிய ஏற்பாடு வந்தது. இவை அந்தத் தேதிக்குப் பிறகு வருபவர்களுக்குத்தான். 1998-லோ 2010-லோ வெளியே வந்தவரின் பென்ஷனை இதைக் காட்டிக் குறைக்க முடியாது.

சரி, இப்போது என்ன செய்வது?

முதலில் ஸ்பர்ஷ் தளத்தில் லாகின் செய்து, இந்த மாத பென்ஷன் ஸ்லிப்பையும் போன மாதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குறைந்தது வருமான வரிப் பிடித்தமா, வேறு பிடித்தமா, இல்லை டிஸபிலிட்டி பகுதியேவா? கடைசியாகச் சொன்னதுதான் என்றால், பென்ஷன் ஆணையான பிபிஓவை எடுங்கள். சதவீதம், 'ஆயுள் முழுவதும்' என்ற குறிப்பு, முடிவுத் தேதி ஏதும் போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து, ஸ்பர்ஷிலேயே புகார் பதிவு செய்து அந்த எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். ரெக்கார்டு ஆபீஸுக்கும் எழுத்தில் ஒரு மனு அனுப்புங்கள். மெடிக்கல் போர்டு அறிக்கையின் நகல் கையில் இல்லையென்றால், அங்கேயே கேட்டு வாங்குங்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் மனு எழுத வழிகாட்டுவார்கள்.

பதில் வரவில்லை, அல்லது மறுத்துவிட்டார்கள் என்றால் ஆயுதப்படை தீர்ப்பாயம் இருக்கிறது. சென்னையிலும் அதன் அமர்வு உண்டு. மறுப்பு ஆணை வந்த ஆறு மாதத்துக்குள் போவது நல்லது. தாமதமானாலும் கதவு முழுசாக மூடிவிடாது. பென்ஷன் குறைவு மாதாமாதம் தொடரும் தவறு என்பதால் வழக்கை ஏற்பார்கள். ஆனால் 2008-ல் வந்த தர்செம் சிங் தீர்ப்பின்படி, பாக்கித் தொகை பொதுவாக வழக்குக்கு முந்தைய மூன்று வருடத்துக்குத்தான் கிடைக்கும். நீங்கள் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் அப்பாவின் பணம்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, பீரோவில் இருக்கும் அந்தப் பழைய ஃபைலைக் கொஞ்சம் கேளுங்கள். பிபிஓ, மெடிக்கல் போர்டு அறிக்கை, டிஸ்சார்ஜ் புக் மூன்றையும் ஸ்கேன் செய்து வைத்துவிடுங்கள். பென்ஷன் குறைந்த பிறகு தேடுவதைவிட, இன்றைக்கு அரை மணி நேரம் செலவழிப்பது சுலபம்.