அம்மாவின் குரலுக்கு 5 டாலர்!

கடல் கடந்து பேசிய அட்டையின் கதை

நியூயார்க் நகரில் பிராங்க்ஸ் என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கே கானா நாட்டு மக்கள் ஏராளமாக வசிக்கிறார்கள். கானா இருப்பது மேற்கு ஆப்பிரிக்காவில். நடுவே அட்லாண்டிக் மகா சமுத்திரம்!

ஊரில் இருக்கும் தாயோடு எப்படிப் பேசுவது? 1990களிலும் 2000களிலும் அவர்களுக்குக் கை கொடுத்தது ஓர் அட்டை. தெரு முனைக் கடையில் 5 டாலர் கொடுத்தால் கிடைக்கும். பின்புறம் சாம்பல் நிறப் பூச்சு. அதைக் காசால் சுரண்டினால் ரகசிய எண் தெரியும்.

பேசுவது எப்படி?

முதலில் அட்டையில் உள்ள இலவச நம்பருக்குப் போன் செய்ய வேண்டும். ஒரு குரல் ரகசிய எண்ணைக் கேட்கும். அதை அழுத்தினால், "உங்களுக்கு இத்தனை நிமிஷம் இருக்கிறது" என்று சொல்லும்.

பிறகு 011. அது அமெரிக்காவை விட்டு வெளியே போகும் வாசல். அடுத்து 233. அது கானாவின் எண். அதன்பின் பேச வேண்டிய நம்பர்.

நேரமும் பார்க்க வேண்டும். குளிர்காலத்தில் நியூயார்க்கில் இரவு 8 மணி என்றால், கானாவின் தலைநகரான அக்ராவில் நள்ளிரவு தாண்டி 1 மணி. அம்மா தூங்கிக்கொண்டிருப்பாள்! இரவு வேலை முடிந்து காலை 7 மணிக்குக் கூப்பிட்டால், அங்கே பகல் 12 மணி.

நிமிஷங்கள் எங்கே போயின?

அப்போது கானாவில் பல வீடுகளில் டெலிபோன் கிடையாது. தெருவில் உள்ள டெலிபோன் கடைக்குப் பேசி, "அம்மாவை அழைத்து வாருங்கள்" என்று சொல்ல வேண்டும். சிறிது நேரம் கழித்து மறுபடியும் பேச வேண்டும்.

அங்கேதான் ஆபத்து! பல அட்டைகளில், இணைப்புக் கிடைக்கும் ஒவ்வொரு முறையும் தனிக் கட்டணம். 1 நிமிஷம் பேசினாலும் 3 நிமிஷமாகக் கணக்கிடுவதும் உண்டு. செல்போனுக்குப் பேசினால் கட்டணம் அதிகம். பொது டெலிபோனில் பேசினால் அதற்கும் ஒரு பிடித்தம். பேசாமல் பையில் வைத்திருந்தாலும் வாரா வாரம் பணம் கழியும். இவை எல்லாம் அட்டையின் பின்னால் பொடி எழுத்தில் இருக்கும்!

"மருந்து வாங்கினாயா, அம்மா?" என்று மகன் கேட்பான். பதில் வருவதற்குள் இணைப்பு அறுந்துவிடும்.

கோர்ட்டில் வழக்கு

2008-ல் அமெரிக்க மத்திய வர்த்தக கமிஷன், சில அட்டைக் கம்பெனிகள் மீது வழக்குப் போட்டது. அட்டைகளை வாங்கிச் சோதித்தபோது, விளம்பரத்தில் சொன்ன நிமிஷங்களில் ஏறக்குறைய பாதிதான் கிடைத்தது என்று கமிஷன் கூறியது.

இன்று பலர் இணையம் வழியாக முகம் பார்த்தே பேசுகிறார்கள். அட்டையின் மவுசு குறைந்துவிட்டது. ஆனாலும், இணையம் இல்லாத வீட்டுக்குப் பேச அட்டை வாங்குகிறவர்கள் உண்டு. அவர்கள் பொடி எழுத்தைப் படித்துவிட்டு வாங்குவது நல்லது. முக்கியமான விஷயத்தை முதலில் பேசிவிட வேண்டும்.

அரிசி வாங்கும்போது படி குறைந்தால், கடைக்காரரைக் கேட்கிறோம். நிமிஷமும் காசு கொடுத்து வாங்கிய பொருள்தானே? அதையும் சரியாக அளந்து கொடுக்க வேண்டும் அல்லவா?