இயற்கை என்றால் மட்டும் போதுமா? மரக்கிண்ணத்துக்கு என்ன பூசுவது

நம் இயற்கைச் சந்தைகளில் அரிசி, பருப்பு, நாட்டுச்சர்க்கரைக்குப் பக்கத்தில் இப்போது மரச்சாமான்களும் வந்து உட்கார்ந்துவிட்டன. கடைசல் கிண்ணம், கரண்டி, மத்து, அஞ்சறைப் பெட்டி. பிளாஸ்டிக்குக்கு மாற்று என்று மக்கள் ஆசையாக வாங்குகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் கிண்ணத்தின் மேல் பளபளவென்று இருக்கிறதே, அது என்ன என்று கேட்டால் விற்பவருக்குத் தெரிவதில்லை. வாங்குபவர் கேட்பதும் இல்லை. நஞ்சில்லாமல் விளைவித்த கடலையைப் பேர் தெரியாத வார்னிஷ் மேல் கொட்டிக் கொடுப்பதில் என்ன புண்ணியம்?

இதில் உழவருக்கு வருமானமும் இருக்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது டெல்டாவிலும் புதுக்கோட்டைப் பக்கமும் பலா, மா, தென்னை எல்லாம் சாய்ந்தன. சாய்ந்த மரம் என்றால் நமக்கு விறகுதான் நினைவுக்கு வருகிறது. பலாவும் மாவும் கடைசலுக்கு நன்றாக வரும். பக்கத்துக் கடைசல் பட்டறையோடு பேசிக்கொண்டால் ஒரு கிளைகூட வீணாகாது. அதற்கு முன்னால் பூச்சு விஷயத்தில் தெளிவு வேண்டும்.

எந்தப் பூச்சாக இருந்தாலும் இரண்டு கேள்வி கேளுங்கள். வயிற்றுக்குள் போனால் கெடுதல் இல்லையா? மரத்தில் காய்ந்து நிற்குமா, இல்லை நாளடைவில் கெட்டு நாறுமா? 'இயற்கையா?' என்ற கேள்வி இந்த இரண்டுக்கும் பதில் ஆகாது.

இயற்கைதான், ஆனால் வேண்டாம்

வேப்பெண்ணெய் பயிருக்குக் காவல். ஆனால் அது சமையல் எண்ணெய் அல்ல. குழந்தைகளுக்கு உள்ளுக்குக் கொடுத்து விபரீதமானது மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. புங்க எண்ணெயும் உண்ணும் எண்ணெய் இல்லை. முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெயைப் படகுக்கும் உத்திரத்துக்கும் பூசுவார்கள். தோலில் பட்டாலே புண்ணாக்கும். இவை மூன்றையும் சாப்பாட்டுச் சாமான் பக்கமே கொண்டுவர வேண்டாம். மரத்திலும் அதே கவனம் தேவை. அரளி, எட்டி, தில்லை ஆகியவற்றில் கிண்ணம் கடையவே கூடாது.

சமையல் எண்ணெய்கள்

கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் உண்ணலாம். ஆனால் மரத்தில் சரியாகக் காயாது. கொஞ்ச நாளில் பிசுபிசுத்து, சிக்கு வாடை வரும். கடலை ஒவ்வாதவர்களுக்கு அதன் எண்ணெய் பூசிய கிண்ணமும் தொல்லை தரலாம். தேங்காய் எண்ணெயும் காயாது. ஆனால் மற்றதைவிட மெதுவாகத்தான் கெடும். வீட்டுப் புழக்கத்துக்கு அவ்வப்போது தடவிக்கொள்ளலாம்.

காய்ந்து இறுகும் எண்ணெய் என்றால் ஆளிவிதை எண்ணெய். செக்கில் ஆட்டியதாக, உண்ணும் தரத்தில் இருக்க வேண்டும். ஹார்டுவேர் கடையில் 'டபுள் பாயில்டு' என்று விற்பது பெயின்ட் வேலைக்கானது. சீக்கிரம் காய்வதற்காக கோபால்ட், மாங்கனீசு போன்ற உலோகச் சேர்மானங்களை அதில் கலப்பது வழக்கம். அது நமக்கு வேண்டாம்.

செக்கு ஆளி எண்ணெய்க்குப் பொறுமை வேண்டும். மெல்லிசாகப் பூசி, அரைமணி கழித்து மிச்சத்தை ஒட்டத் துடைத்து, பல நாள் காயவிட்டுத்தான் அடுத்த பூச்சு. மொத்தம் மூன்று நான்கு வாரம் பிடிக்கும். இன்னொன்று, மறக்கவே கூடாதது: இந்த எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். வைக்கோல் போர் உள்ள களத்தில் இது விளையாட்டில்லை. துணியை வெட்டவெளியில் விரித்துக் காயவையுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

தேன்மெழுகும் அரக்கும்

தேனீ வளர்ப்பவர்களிடம் மெழுகு கையிலேயே இருக்கிறது. எடையில் மெழுகு ஒரு பங்கு, தேங்காய் எண்ணெய் நான்கு பங்கு. கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள். நேரடித் தீயில் வைக்காதீர்கள். ஆறியதும் துணியால் தேய்த்து ஏற்றலாம். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். எனவே பழம், கடலை, பொரி, அவல் வைக்கலாம். கொதிக்கும் குழம்புக்கு ஆகாது.

அரக்கு நம் நாட்டுப் பழைய பூச்சு. கர்நாடகத்துச் சென்னபட்டணத்தில் சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்துவார்கள். உராயும் சூட்டில் அது உருகிப் படியும், பிறகு தாழை ஓலையால் மெருகேற்றுவார்கள். மாத்திரைக்கும் மிட்டாய்க்கும் மேல்பூச்சாவதும் இதே அரக்குதான். ஆனால் சூடு, சோடா, சாராயச் சத்து மூன்றும் அதற்கு ஆகாது. உலர்ந்த பண்டத்துக்கு நல்லது. நிற அரக்கு என்றால் சாயம் என்னவென்று கட்டாயம் கேளுங்கள். ஈயம் கலந்த நிறமிகளும் உலகில் உண்டு. அரக்கு பூச்சியிலிருந்து வருவது. சுத்த சைவக்காரர்களிடம் அதைச் சொல்லிவிடுவது நேர்மை.

மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் கெடாது, நாறாது. ஆனால் பெட்ரோலியத்தில் வந்தது. பயன்படுத்தினால் மறைக்காமல் சொல்லி விற்க வேண்டும்.

பாலியூரித்தேன், மெலமைன் போன்றவை முழுக்கக் காய்ந்தபின் ஆபத்து குறைவு என்பார்கள். ஆனால் அவை மரத்துக்குள் இறங்காமல் தோல் மாதிரி மேலே நிற்பவை. கீறலும் வெந்நீரும் பட்டால் உரிந்து சோற்றோடு வரும். கிண்ணத்தை மோந்து பாருங்கள். கரைப்பான் வாடை இருந்தால் இன்னும் காயவில்லை என்று அர்த்தம்.

ஒன்றும் பூசாவிட்டால்?

அதுவும் சரிதான். பாட்டி வீட்டு மத்துக்கும் உரலுக்கும் யார் வார்னிஷ் அடித்தார்கள்? 1990களில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டீன் கிளைவர் குழுவினர் காய் நறுக்கும் பலகைகளைச் சோதித்தார்கள். மரத்தில் இட்ட கிருமிகள் உள்ளே இழுக்கப்பட்டு மெல்ல மடிந்தன. கத்தி கீறிய பிளாஸ்டிக்கைச் சுத்தம் செய்வதுதான் கஷ்டமாக இருந்தது. மரச்சாமானை ஊறப்போடாமல் கழுவி, உடனே துடைத்து, நிழலில் உலர்த்தினால் போதும்.

விற்பவர்கள் ஒவ்வொரு கிண்ணத்தோடும் ஒரு சீட்டு வையுங்கள். என்ன மரம், என்ன பூச்சு, எப்படிக் கழுவுவது, எதை வைக்கக் கூடாது. நான்கே வரி. அரிசி மூட்டையில் ரகமும் ஊரும் எழுதி ஒட்டுகிற நமக்கு இது பெரிய வேலை இல்லை. அந்தச் சீட்டில் எழுதக் கூச்சப்படுகிற பொருள் எதுவாக இருந்தாலும், அதைக் கிண்ணத்தில் பூசாதீர்கள்.